வன்னியில் வீட்டுக்குச் சோலர்: பில் பூச்சியமாகுமா?

விசுவமடுவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டில் ஐந்து பேர். மாதம் ஒன்பதாயிரத்துக்குக் கிட்டக் கரண்ட் பில் வருகிறது. ஐந்து கிலோவாட் சோலர் போட்டால் பில் பூச்சியம், மேலால் காசும் வரும், கரண்ட் நின்றாலும் லைற் எரியும் என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மனைவியின் நகையை அடகு வைத்துப் போடலாமா என்று யோசிக்கிறோம். வன்னியில் போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்."

18.02.2024, காலை

நகையை இப்போதைக்குத் தொட வேண்டாம். முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். காலை ஆறு மணிக்கு மீற்றரைப் பார்த்து எழுதுங்கள், பின்னேரம் ஆறு மணிக்குத் திரும்ப எழுதுங்கள். ஒரு மாதம் விடாமல். பகலில் எத்தனை அலகு, இரவில் எத்தனை அலகு என்று தெரியாமல் சோலர்காரருடன் பேசப் போனால் அவர் சொல்வதுதான் கணக்கு என்று ஆகிவிடும்.

நான் கிளிநொச்சியில் வட்டக்கச்சி. 2023 ஆவணியில் போட்டோம். ஆறு பனல், ஒவ்வொன்றும் 550 வாட், கூட்டினால் 3.3 கிலோவாட். வீட்டில் நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அம்மா. பிரிட்ஜ், மூன்று ஃபான், கிணற்று மோட்டர், றைஸ் குக்கர், ரிவி. மாதம் 190 அலகை ஒட்டிப் போகும்.

எங்களைச் சோலர் பக்கம் தள்ளியது 2023 மாசியில் வந்த 66 வீத மின்கட்டண உயர்வு. அதற்கு ஆறு மாதத்துக்கு முன்னர்தான் 2022 ஆவணியில் 75 வீதம் கூட்டியிருந்தார்கள். அந்த மாசிக் கட்டணத்தில் 180 அலகு பாவித்த வீட்டுக்கு 9,780 ரூபாய். 190 அலகு பாவித்த வீட்டுக்கு 11,030 ரூபாய். வரி தனி. கடைசிப் பத்து அலகு மட்டும் 1,250 ரூபாய்! அந்தக் கட்டணத்தில் 180ஐத் தாண்டினால் அலகுக்கு 75 ரூபாய், நிலையான கட்டணமும் 1,500இலிருந்து 2,000க்கு ஏறியது. எங்கள் பில் படிப்படியாக ஏறும் பில். மேல் படியில் நிற்கிற வீட்டுக்குச் சோலர் பெரிய உதவி. கீழ்ப் படியில் நிற்கிற வீட்டுக்கு அதே பனல் அவ்வளவு மிச்சம் தராது. அதனால்தான் கொப்பியை முதலில் சொன்னேன்.

18.02.2024, இரவு

கடைசிக் கேள்வியை விட்டுவிட்டேன். உண்மையில் அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

கரண்ட் நின்றால் லைற் எரியாது. பற்றரி இல்லாமல் மின்சார சபையின் லைனோடு இணைக்கிற சோலர் எல்லாம் அப்படித்தான். பனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டிதான் இன்வேட்டர், அது எந்த நேரமும் லைனைப் பார்த்துக்கொண்டிருக்கும். லைன் செத்தவுடன் அதுவும் நின்றுவிடும், நடு மத்தியானம் வெயில் கொளுத்தினாலும். இது பழுது இல்லை. கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறுகிறார். அந்த நேரம் எங்கள் கூரையிலிருந்து கரண்ட் போனால் அந்த மனிதரின் உயிர் போகும்.

2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அந்த நேரம் கூரை நிறையப் பனல் வைத்திருந்தவர்களும் எங்களைப் போலவே விசிறி மட்டையோடுதான் முற்றத்தில் இருந்தார்கள். இதைச் சொல்லாமல் விற்பதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம். வன்னியில் சோலர் என்று சொன்னவுடன் எங்கள் மனதில் வருவது கரண்ட் இல்லாத காலத்து வெளிச்சம். அதை நம்பித்தான் சனம் காசு கொடுக்கிறது.

03.03.2024

காசு வருமா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக மூன்று விதம் இருக்கிறது.

நெற் மீற்றரிங்: நீங்கள் லைனுக்குக் கொடுத்த அலகை நீங்கள் எடுத்த அலகில் கழிப்பார்கள். மிஞ்சினால் அடுத்த மாதத்துக்குப் போகும், காசு தரமாட்டார்கள். நெற் அக்கவுண்டிங்: அதே கழிவுதான், ஆனால் மிஞ்சின அலகுக்குக் காசு. நெற் பிளஸ்: கூரையில் வருவது முழுக்க லைனுக்கு, அதற்குத் தனி மீற்றர், தனிக் காசு. வீட்டுப் பாவனைக்கு வழமைபோல பில். முதலாவது 2010 அளவில் வந்தது. மற்ற இரண்டும் 2016இல் 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தோடு வந்தவை. ஒப்பந்தம் 20 வருடம்.

வவுனியாவில் இருக்கிற என் தங்கச்சி 2018இல் நெற் அக்கவுண்டிங்கில் போட்டவள். அவளுடைய ஒப்பந்தத் தாளில் முதல் ஏழு வருடம் அலகுக்கு 22 ரூபாய், எட்டாம் வருடத்திலிருந்து இருபது வரைக்கும் 15 ரூபாய் 50 சதம். புதிதாகப் போடுகிறவர்களுக்கு விலை பிறகு பல தடவை மாறிவிட்டது. கையெழுத்து வைக்கிற அன்று தாளில் என்ன விலை, எத்தனை வருடத்துக்கு என்று வாசித்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.

நாங்களும் அக்கவுண்டிங்தான். பில் பூச்சியம் என்பதை மறந்துவிடுங்கள், நிலையான கட்டணம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று, மோட்டரைப் பகலில் போடுங்கள். வெயில் இருக்கும்போது இறைத்தால் பில் குறையும்.

09.03.2024

கேட்டவர் கொப்பியோடு வந்திருக்கிறார். சந்தோசம். மூன்று கிழமைக் கணக்கு: பகலில் சராசரி 2 அலகு, இரவில் 3. இரவில் மூன்று அலகு என்றால் எல்லோரும் படுத்த பிறகும் ஏதோ இழுக்கிறது. பிரிட்ஜ் கதவின் றப்பரைப் பாருங்கள். ஒரு கடதாசியைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் றப்பர் போய்விட்டது.

10.05.2024

கூரையைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி இரண்டு மாதம் போய்விட்டது. சிறுபோக வேலை.

எங்கள் வீடு மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டியது. ஓடு. வளையும் சிலாகையும் பனை. ஒரு பனல் 28 கிலோ அளவில் வரும். ஆறும் 160 கிலோவுக்கு மேல், அலுமினியச் சட்டம் வேறு. பாரத்தைவிடக் காற்றுத்தான் பயம். சோளகம் பிடித்து வீசும்போது பனலுக்குக் கீழே காற்றுப் புகுந்து தூக்கப் பார்க்கும். அதனால் பனலைப் பிடிக்கிற கொளுவி ஓட்டில் நிற்கக் கூடாது. ஓட்டைக் கிளப்பி, கீழே இருக்கிற மரத்தில் திருக வேண்டும்.

எங்கள் வேலைக்கு வந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. அவசரத்தில் நாலு இடத்தில் ஓட்டைத் துளைத்து, மேலே சிலிக்கன் பூசிவிட்டுப் போனார்கள். கார்த்திகை மழைக்கு அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகியது. எடுத்தபோது "வருகிறோம், வருகிறோம்" என்றார்கள், தை வரை ஒருவரும் வரவில்லை. கடைசியில் எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் ஓட்டைக் கழற்றிப் பார்த்தார். ஒழுக்கைவிடப் பெரிய விசயத்தை அவர்தான் கண்டார்: ஒரு சிலாகையில் கறையான் ஏறியிருந்தது, கொளுவி அதே சிலாகையில்தான் நின்றது. அந்த ஒன்றை மாற்றி, துளைத்த ஓடுகளை மாற்றி, கொளுவியை வளையோடு சேர்த்துத் திருகிக் கொடுத்தார்.

அதனால் சொல்கிறேன், சோலர்காரர் வருமுன் தச்சரைக் கூட்டிவந்து கூரைக்குள் ஏற்றுங்கள். சுத்தியலால் ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'கணீர்' என்றால் நல்ல மரம். பொத்தென்று கேட்டால் உள்ளே ஆள் இருக்கிறது.

சீற் போட்ட வீட்டுக்காரருக்கு: அஸ்பெஸ்டஸ் பழசாகினால் மிதிக்கத் தாங்காது. பலகை போட்டு, பலகையில் மட்டும் கால் வைக்கச் சொல்லுங்கள். உடைந்த சீற்றின் தூசு நெஞ்சுக்குக் கூடாது.

22.06.2024

மாசி, பங்குனியில் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். ஒரு பிழை விட்டிருக்கிறேன்.

'மோட்டரைப் பகலில் போடுங்கள், பில் குறையும்' என்று எழுதினேன். நெற் அக்கவுண்டிங், நெற் மீற்றரிங் இரண்டிலும் அது பில்லைக் குறைக்காது. மாதக் கடைசியில் கொடுத்ததையும் எடுத்ததையும் அலகுக்கு அலகு கழிக்கிறார்கள். பகல் பன்னிரண்டுக்கு இறைத்தாலும் இரவு எட்டுக்கு இறைத்தாலும் கழிவு ஒன்றுதான். யாராவது இதை நம்பி நேரத்தை மாற்றிக் கஷ்டப்பட்டிருந்தால் மன்னிக்கவும்.

ஆனால் நான் இன்னும் மத்தியானம்தான் மோட்டர் போடுகிறேன். காரணம் வேறு.

சித்திரையில் இருந்து எங்கள் இன்வேட்டர் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் நின்று நின்று வேலை செய்தது. நல்ல வெயில் நேரம்! பழுது என்று நினைத்தேன். அதன் சின்னத் திரையைப் பார்த்தால் லைன் வோல்ற்றேஜ் 250ஐத் தாண்டி நின்றது. இலங்கையில் 230 வோல்ற், மேலே கீழே 6 வீதம் என்பதுதான் கணக்கு. அதாவது 244 வரைக்கும் போகலாம். எங்கள் ஒழுங்கை ட்ரான்ஸ்போமரிலிருந்து தள்ளி, லைனின் கடைசி. அதே லைனில் இப்போது நாலு வீட்டில் சோலர். மத்தியானம் நாலு வீடும் லைனுக்குத் தள்ளுகிறது, வாங்க ஆளில்லை. சனம் வயலில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். தள்ளத் தள்ள வோல்ற்றேஜ் ஏறும், ஏறினால் இன்வேட்டர் தன்னைக் காப்பாற்ற நின்றுவிடும். வாய்க்காலில் கடைசி மடை அடைத்திருக்கும்போது தண்ணீர் வரம்புக்கு மேலால் ஏறுவது மாதிரி என்று பக்கத்து வீட்டு அண்ணை சொன்னார். அவர் இரணைமடுத் தண்ணீரில் ஐம்பது வருடம் வயல் செய்தவர். எனக்கு அதைவிடத் தெளிவாக விளக்கத் தெரியாது.

பன்னிரண்டு மணிக்கு மோட்டரைப் போட்டுப் பார்த்தேன். வோல்ற்றேஜ் இறங்கியது, இன்வேட்டர் நிற்காமல் ஓடியது. இப்போது நாலு வீடும் பேசி வைத்திருக்கிறோம்: பதினொன்றுக்கு ஒரு வீடு, பன்னிரண்டுக்கு ஒரு வீடு என்று மாறி மாறி இறைக்கிறோம். மின்சார சபை அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு: உங்கள் லைனில் ஏற்கெனவே எத்தனை வீட்டில் இருக்கிறது, ட்ரான்ஸ்போமர் எவ்வளவு தூரம், இரண்டையும் கேளுங்கள். இது பனலின் விலையைவிட முக்கியம்.

23.06.2024

ஐந்து கிலோவாட் வேண்டவே வேண்டாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம் என்று சொல்லவில்லை. குளிரூட்டி உள்ள வீடு, அரிசி மில், கோழிப்பண்ணை என்றால் வேண்டும். 150 அலகு பாவிக்கிற வீட்டுக்கு எதற்கு? இங்கே ஒரு கிலோவாட் நாளுக்கு ஏறக்குறைய நாலு அலகு தரும், மாதம் 120 என்று வையுங்கள். மீதியை விற்கிற விலை உங்கள் கையில் இல்லை.

14.09.2024

வெயில் கூடினால் கரண்ட் கூடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். பனலில் எழுதியிருக்கிற 550 வாட் 25 பாகையில் சோதித்த அளவு. சித்திரை வெயிலில் அதன் உடம்பு 60 பாகையைத் தாண்டும், ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 வீதம் குறையும். எங்கள் வீட்டில் நல்ல நாட்கள் மாசியும் பங்குனியும்தான்: வானம் வெளி, காற்றிலும் சற்றுக் குளிர்ச்சி. அதனால் பனலுக்கும் ஓட்டுக்கும் இடையில் நாலு விரல் அளவாவது காற்றோட்டம் விடச் சொல்லுங்கள்.

இன்வேட்டரை மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். பின்னேர வெயில் படுகிற இடத்தில் அது சூடேறி, தானே தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். எங்களுடையதை விறாந்தைக்குள் மாற்றினோம்.

அடுத்தது புழுதி. அறுவடைக் காலத்தில் வெட்டு மெசின் ஓடினால் எங்கள் பனல் எல்லாம் உமித் தூசு. ஒரு நாளைக்கு 13 அலகு வந்த இடத்தில் 11. கழுவினால் திரும்ப 13. ஆனால் கிணற்றுத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் படை பிடிக்கும். எங்கள் பக்கத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கேத்திலைப் பார்த்தாலே தெரியும். கழுவியவுடன் துணியால் துடைத்து எடுங்கள், அல்லது மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவுங்கள். விடியக் காலையில் மட்டும். மத்தியானச் சூட்டில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கலாம், கரண்ட் ஆபத்தும் உண்டு.

அப்புறம் மயில். விடிய ஆறு மணிக்கு இரண்டு மயில் கூரையில் ஏறி, பனலில் தங்கள் நிழலைப் பார்த்துக் கொத்துகின்றன. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. எச்சம்தான் பிரச்சினை, அது காய்ந்தால் அந்த இடம் கரண்ட் எடுக்காது. அணில் வேறு வயரைக் கொறிக்கும், பனலுக்குக் கீழே சுற்றிவர வலை அடித்திருக்கிறேன்.

20.10.2024

இடி முழக்கம் தொடங்கிவிட்டது. எழுதாமல் விட்டால் குற்றம்.

இந்த ஐப்பசி, கார்த்திகை இடிதான் எங்கள் இன்வேட்டர்களைத் தின்கிறது. பனல் பக்கமும் லைன் பக்கமும் மின்னல் காப்பு இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு இரண்டுக்கும் காசு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஏர்த் கம்பியை எங்கே இறக்குகிறார்கள் என்றும் பாருங்கள். ஆடி, ஆவணியில் எங்கள் மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும். காய்ந்த மண் கரண்டை இழுக்காது. குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வாழையடியில் இறக்குங்கள், வருடம் முழுக்க ஈரம் இருக்கும்.

29.12.2024

இந்த மாதக் கணக்கு மோசம். மழை நாளில் மூன்று, நாலு அலகு. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வானம் வெளித்த நாளிலும் ஒன்பதுக்கு மேல் போகவில்லை.

ஏறிப் பார்த்தேன். தெற்கு வேலியில் நிற்கிற இரண்டு பனையின் நிழல் பனலில் விழுகிறது. போட்ட அன்று, ஆவணிக் கடைசி, மத்தியானம் நிழலே இல்லை. எப்படி இருக்கும்? கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் சூரியன் வருடத்தில் இரண்டு தடவை வரும்: சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒன்று, ஆவணிக் கடைசியில் ஒன்று. நாங்கள் பார்த்தது அந்த இரண்டாவது நாளை ஒட்டி. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், தெற்கில் நிற்கிற மரத்தின் நிழல் நீண்டு கூரைக்கு வரும். ஆறு பனலும் ஒரே சரமாகக் கோத்திருப்பதால் ஒன்றில் நிழல் விழுந்தால் மற்றவையும் இழுபடும்.

இடம் பார்க்க மார்கழியில் பாருங்கள். முடியாவிட்டால் தெற்குப் பக்கம் உயர்ந்த மரம் இருக்கிறதா என்றாவது பாருங்கள்.

பனையைத் தறி என்று இரண்டு பேர் சொன்னார்கள். தறிக்க அனுமதி எடுக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். எடுக்கலாம் என்றாலும் நான் தறிக்கமாட்டேன். பங்கருக்கு எத்தனை பனையைக் கொடுத்தோம், செல் விழுந்து தலை இல்லாமல் எத்தனை நின்றது. 2010இல் திரும்பி வந்தபோது எங்கள் வளவில் வீடு இல்லை, வேலி இல்லை, இந்த இரண்டும்தான் நின்றன. அதை வைத்துத்தான் எல்லை பிடித்தோம். பனலைத்தான் நகர்த்துவேன். தை பிறந்ததும் தச்சர் வருகிறார், வடக்குக் கூரைக்கு இரண்டு பனலை மாற்றுகிறோம். வடக்கு கூடாது என்று சொல்வார்கள். சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கிறது, கூரைச் சாய்வும் அதிகமில்லை. பெரிய நட்டம் வராது. சரம் மட்டும் தனியாகப் பிரிக்க வேண்டும், எங்கள் இன்வேட்டரில் இரண்டு சரத்துக்கு இடம் இருக்கிறது.

11.02.2025

ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனது எல்லோருக்கும் தெரியும். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு. அங்கே குரங்கு தொட, வட்டக்கச்சியில் என் இன்வேட்டர் நிற்கிறது. நல்ல வெயில், ஆறு பனலும் சும்மா கிடக்கின்றன.

அம்மா அன்று பின்னேரம் குப்பி விளக்கைத் தேடினார். ஒரு ஜாம் போத்தலும் துணித் திரியும் போதும் அவருக்கு. 1990இலிருந்து இருபது வருடம் வன்னிக்கு லைன் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தடை, பற்றரிக்கும் தடை. இரவில் செய்தி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். நான் சுற்றியிருக்கிறேன், வேகம் குறைந்தால் குரல் இழுபடும். அப்புறம் சமாதான காலத்தில் அப்பா ஒரு சின்னப் பனல் வாங்கினார், கொப்பி அளவுக்குச் சற்றுப் பெரிது. ஒரு லைற், ஒரு றேடியோ. 2009 தையில் இடம்பெயர்ந்தபோது உழவு மெசின் பெட்டியில் அதையும் சாக்கில் சுற்றி ஏற்றினார். புதுக்குடியிருப்பு தாண்டியபோது பெட்டியில் ஆட்களுக்கு இடம் வேண்டியிருந்தது, இறக்கி வைத்துவிட்டுப் போனோம்.

எங்கள் ஒழுங்கைக்கு 2012இல்தான் கம்பி வந்தது. அதனால்தானோ என்னவோ கரண்ட் நின்றால் அம்மாவின் முகம் மாறிவிடும். அந்தச் சின்னப் பனல் இருந்திருந்தால் ஞாயிறு இரவு விளக்கு எரிந்திருக்கும். கூரையில் இருக்கிற 3.3 கிலோவாட்டால் அது முடியவில்லை. ஒரு தனிச் செற் போடப் போகிறேன்.

02.03.2025

போட்டாயிற்று. 100 வாட் பனல் ஒன்று, பற்றரிக்குப் போகிற கரண்டைக் கட்டுப்படுத்துகிற சார்ஜ் கொன்ட்றோலர், 12 வோல்ற் லிதியம் பற்றரி ஒன்று. லைனோடு தொடர்பே இல்லை. அம்மாவின் அறையில் ஒரு லைற், விறாந்தையில் ஒன்று, குசினியில் ஒன்று, ஒரு சின்ன ஃபான், போன் சார்ஜ். ஈய பற்றரி மலிவு, ஆனால் எங்கள் வெக்கைக்கு இரண்டு மூன்று வருடத்தில் சாகும், பாதிக்கு மேல் இறக்கவும் கூடாது. லிதியத்தில் அந்தக் கரைச்சல் குறைவு.

முழு வீட்டுக்கும் பற்றரி வேண்டுமென்றால், லைனோடும் பற்றரியோடும் வேலை செய்கிற ஹைபிரிட் இன்வேட்டர் போடலாம், விலை ஏறும். தொடக்கத்திலேயே அதைப் போட்டிருக்கலாமே என்றால், அந்தக் காசு அப்போது எங்களிடம் இருக்கவில்லை.

20.04.2025

13ஆம் திகதியிலிருந்து 21 வரை, பின்னேரம் மூன்று மணி வரைக்கும் கூரைச் சோலரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டிருக்கிறது. புத்தாண்டு விடுமுறை, தொழிற்சாலை எல்லாம் பூட்டு, நாட்டில் பாவனை இல்லை, சூரியனோ நேர் உச்சியில். எங்கள் ஒழுங்கையில் நடந்ததுதான் நாடு முழுக்க நடக்கிறது: கடைசி மடை அடைத்திருக்கிறது.

நாங்கள் நிறுத்தினோம். மறுபடி முழு நாடும் இருட்டாவதைவிட ஒன்பது நாள் நட்டம் பரவாயில்லை. ஆனால் கடன் எடுத்துப் போட்டவருக்கு வங்கி ஒன்பது நாளைக் கழித்துத் தராது. பகல் கரண்டைச் சேர்த்து வைத்து இரவில் கொடுக்கிற பற்றரிக்கு நல்ல விலை வைத்தால் வீட்டுக்கும் நல்லது, லைனுக்கும் நல்லது.

17.08.2025

இரண்டு வருடம். கணக்குக் கேட்டவர்களுக்கு.

எங்களுக்கு முடிந்த செலவு ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் கீழே, தச்சர் கூலியோடு. முதல் வருடம் மிச்சம் ஒரு லட்சத்து இருபதாயிரம் அளவில். அப்படியே போனால் ஏழரை வருடத்தில் காசு திரும்பும் என்று அப்போது எழுதி வைத்தேன். பிறகு 2024 ஆடியில் 22.5 வீதம், 2025 தையில் 20 வீதம் கட்டணம் குறைந்தது. அன்று பதினோராயிரம் வந்த 190 அலகுக்குத் தைக் கட்டணத்தில் ஆறாயிரத்தைச் சுற்றித்தான். ஆனியில் 15 வீதம் திரும்பக் கூடியது. இப்போது பார்த்தால் பத்து வருடம் தாண்டும்.

இன்னொன்று, நாங்கள் இப்போது 190இல் இல்லை. 260, 270. சோலர் இருக்கிறதுதானே என்று மின்னடுப்பு வாங்கினோம், மரக்கறித் தோட்டத்துக்கு மோட்டர் கூட ஓடுகிறது. காஸ் செலவு குறைந்ததும் தோட்டத்து வருமானமும் உண்மை, ஆனால் பில் மிச்சம் என்று பார்த்தால் அதையும் கழிக்க வேண்டும். தங்கச்சிக்கு ஏழு வருடம் முடிந்து 15 ரூபாய் 50 சதத்துக்கு இறங்கிவிட்டது. அவளுடையது ஐந்து கிலோவாட், கடன் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

விசுவமடுக்காரருக்கு ஒரு விசயம், நீங்கள் எழுதியதை எல்லோரும் பார்க்கட்டும்: பிரிட்ஜ் றப்பரை மாற்றி, கிணற்றுக் குழாயின் அடியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த புட்வால்வைத் திருத்தி, 150இலிருந்து 118 அலகுக்கு வந்திருக்கிறீர்கள். ஒரு பனல் இல்லாமல். இப்போது ஐந்து கிலோவாட் வேண்டியதில்லை, நகை பெட்டியில் இருக்கட்டும்.

07.12.2025

எல்லோரும் சுகமா? டித்வா புயலுக்குப் பிறகு இன்றுதான் எழுத முடிந்தது. வளவுக்குள் முழங்கால் தண்ணீர், வயல் போய்விட்டது. எங்கள் பக்கம் மூன்று இரவு கரண்ட் இல்லை. அம்மாவின் அறை லைற் மூன்று இரவும் எரிந்தது. மழை மூட்டத்தில் நூறு வாட் பனல் மெல்லத்தான் ஏற்றியது, ஃபானை நிறுத்தி லைற்றுக்கும் போனுக்கும் மட்டும் வைத்தோம். ஒழுங்கையில் பதினொரு வீட்டின் போன் எங்கள் விறாந்தையில் வரிசையாகச் சார்ஜ் ஆனது. யார் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பாதை மூடிக்கிடக்கிறது என்று கேட்க அதுதான் வழியாக இருந்தது.

கூரையில் ஒரு பனல் மட்டும் கண்ணாடி வெடித்திருக்கிறது. பனை மட்டை விழுந்தது. மரம் நிற்கிறது. வெடித்த பனலைத் தொடாமல், பனல் பக்கச் சுவிச்சை நிறுத்தி வைத்திருக்கிறேன். வெள்ளத்தில் இன்வேட்டர் நனைந்தவர்கள் காய்ந்துவிட்டது என்று நீங்களே போடாதீர்கள், வேலை தெரிந்தவர் திறந்து பார்த்த பிறகு போடுங்கள். பகலில் வெயில் பட்டால் பனல் வயரில் எந்த நேரமும் கரண்ட் இருக்கும், மெயினை நிறுத்தினாலும் இருக்கும்.

08.12.2025

விசுவமடுக்காரர் கேட்டது: சின்னச் செற்றின் பற்றரியை எங்கே வைப்பது என்று. நிலத்தில் வேண்டாம். எங்கள் வீட்டுச் சுவரில் இந்த முறை தண்ணீர் நின்ற அடையாளம் இருக்கிறது, அதற்கு மேலே இரண்டு முழம் விட்டு ஒரு தட்டு அடித்து வைத்திருக்கிறேன். உங்கள் சுவரிலும் அடையாளம் இருக்கும். சுண்ணாம்பு அடிக்க முதல் அளந்து வையுங்கள்.